கோடைக் கிராப்பி: அமெரிக்க நீர்த்தேக்கங்களில் ஒரு மீனும் அதன் தண்ணீரும்

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஏப்ரல் மாதம் எந்த நீர்த்தேக்கத்தின் கரைக்குப் போனாலும் கிராப்பி பிடிக்கும் கூட்டத்தைப் பார்க்கலாம். முட்டையிட வரும் மீன் கரையோரமாக, இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கும். தக்கை கட்டிய தூண்டிலில் ஒரு பொடி மீனைக் கோத்துப் போட்டால் சிறுவர்களுக்குக்கூட அகப்படும். ஜூன் பிறந்ததும் கூட்டம் கலைந்துவிடுகிறது. வெயில் ஏறிவிட்டால் கிராப்பி இரை எடுக்காது என்பது அங்கே நெடுநாளாக நிலவும் நம்பிக்கை.

அந்த நம்பிக்கைக்கு எதிரான சான்று சாதனை ஏட்டிலேயே இருக்கிறது. தூண்டிலில் பிடிபட்ட வெள்ளைக் கிராப்பிகளில் உலகிலேயே பெரியது 2.35 கிலோ எடை கொண்டது. மிசிசிப்பி மாநிலத்தின் ஈனிட் அணையில் அது பிடிபட்ட நாள் 1957 ஜூலை 31. கோடையின் உச்சம் அது. அப்படியானால் கோடையிலும் மீன் இருக்கிறது, இரையும் எடுக்கிறது. அது எங்கே போகிறது, ஏன் போகிறது, எப்படிப் பிடிக்கிறார்கள், எத்தனை பிடிக்கலாம் என்ற நான்கு கேள்விகளையும் இக்கட்டுரை வரிசையாகப் பார்க்கிறது. முதல் மூன்றுக்கும் தெளிவான விடை உண்டு. நான்காவது கேள்விதான் இன்று தூண்டில்காரர்களையும் மீன்வளத் துறைகளையும் ஒருசேரக் கவலைகொள்ள வைக்கிறது.

மீனின் இயல்பு

கிராப்பி வட அமெரிக்காவின் நன்னீர் மீன். சூரிய மீன் குடும்பத்தைச் சேர்ந்தது. வெள்ளைக் கிராப்பி, கருப்புக் கிராப்பி என இரண்டு இனங்கள் உண்டு. நிறத்தை மட்டும் பார்த்துப் பிரித்தால் ஏமாந்துவிடுவோம்; முட்டையிடும் பருவத்தில் ஆண் மீன்கள் எல்லாமே கருத்துவிடும். முதுகுத் துடுப்பின் முட்களை எண்ணுவதே சரியான வழி. வெள்ளைக்கு 5 அல்லது 6 முட்கள், கருப்புக்கு 7 அல்லது 8. வெள்ளைக் கிராப்பி கலங்கல் தண்ணீரிலும் நன்றாகப் பிழைக்கும். கருப்புக் கிராப்பிக்குத் தெளிந்த நீரும் நீர்ச்செடியும் வேண்டும்.

ஒரு கிராப்பியைக் கையில் எடுத்து வாயை மெல்ல விரித்துப் பார்த்தால் அதன் வாழ்க்கையே விளங்கிவிடும். வாய் குழாயாக முன்னால் நீள்கிறது. தாடையை இணைக்கும் தோல் வெங்காயச் சருகு போல அவ்வளவு மெலிது. வெளிச்சத்தில் பிடித்தால் ஊடே விரல் தெரியும். தூண்டிலை வேகமாகச் சுண்டினால் இந்தத் தோல் கிழிந்து மீன் போய்விடும். அதனால்தான் கிராப்பிக்கு நீளமான, வளைந்து கொடுக்கும் கழிகளைப் பயன்படுத்துகிறார்கள். கண்கள் தலையின் மேற்பக்கமாக அமைந்திருப்பதால் தனக்கு மேலே இருப்பதைத்தான் அது நன்றாகப் பார்க்கும். இரையை மீனுக்குச் சற்று மேலே நிறுத்து என்பது இத்தொழிலின் பாலபாடம். இரை மீனுக்குக் கீழே இறங்கிவிட்டால் மீன் அதைப் பெரும்பாலும் கவனிப்பதே இல்லை.

செவுளைத் தூக்கிப் பார்த்தால் சீப்புப் பல் வரிசை போன்ற நீண்ட முட்கள் தெரியும். குஞ்சுப் பருவத்தில் கிராப்பி மிதவை உயிரிகளைத் தின்று வளர்கிறது. இந்தச் செவுள் முட்கள் இருப்பதால் வளர்ந்த பிறகும் அவற்றை வடித்துத் தின்ன முடிகிறது. ஆயினும் நீர்த்தேக்கங்களில் பெரிய கிராப்பியின் முக்கிய உணவு ஷாட் என்னும் வெள்ளிநிறப் பொடி மீன்தான். வசந்த காலக் கடைசியில் பொரித்த ஷாட் குஞ்சுகள் கோடையில் லட்சக்கணக்கில் நடுநீரில் திரிகின்றன. கரையை விட்டுக் கிராப்பி போவதற்கு முதல் காரணம் இதுதான். சாப்பாடு நடுநீருக்குப் போய்விட்டது. மீனும் பின்னால் போகிறது.

தண்ணீர் பிரிந்து நிற்கும் விதம்

இரண்டாவது காரணம் தண்ணீரிலேயே இருக்கிறது. தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில் மிக அடர்த்தியாக இருக்கும். சூடேறினால் அடர்த்தி குறையும். ஆனால் எல்லா வெப்பநிலையிலும் ஒரே சீராகக் குறைவதில்லை. 4 டிகிரிக்கும் 5 டிகிரிக்கும் உள்ள அடர்த்தி வேறுபாட்டைப் போல ஏறத்தாழ 30 மடங்கு வேறுபாடு 24 டிகிரிக்கும் 25 டிகிரிக்கும் இடையே உண்டு. அதனால் கோடையில் மேலே இருக்கும் சூடான நீரும் கீழே இருக்கும் குளிர்ந்த நீரும் எளிதில் கலப்பதில்லை. காற்று எவ்வளவு வீசினாலும் மேல்நீர் மட்டுமே புரள்கிறது. இரண்டுக்கும் நடுவே, ஒரு மீட்டர் இறங்குவதற்குள் ஒரு டிகிரி அல்லது அதற்கு மேலும் வெப்பம் குறையும் ஓர் இடையடுக்கு உருவாகிறது. தெர்மோகிளைன் என்பது இதற்குப் பெயர்.

வெயிலுக்குப் பயந்த மீன் குளிர்ச்சியான அடிநீருக்குப் போய்விடலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். 15 டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரி நீரில் சுமார் ஏழரை மில்லிகிராம்தான். கணக்குப்படி பார்த்தால் அடிநீரில்தான் ஆக்சிஜன் கூடுதலாக இருக்க வேண்டும். ஆனால் அடிநீருக்குக் காற்றோடு தொடர்பு அறுந்துவிட்டது. மேலிருந்து விழும் பாசியும் இலைதழையும் அங்கே அழுகி, இருக்கிற ஆக்சிஜனையும் தீர்த்துவிடுகின்றன. வளமான நீர்த்தேக்கங்களில் ஜூலை வாக்கில் இடையடுக்குக்குக் கீழே மீன் வாழ வழியில்லை. லிட்டருக்கு இரண்டு மூன்று மில்லிகிராமுக்குக் கீழே போய்விட்டால் கிராப்பி அங்கே தங்காது.

ஆக, மேலே வெப்பமும் வெளிச்சமும், கீழே மூச்சுக்கு வழியின்மை. இரண்டுக்கும் நடுவே அகப்பட்ட மெல்லிய பட்டையில்தான் கோடைக் கிராப்பி வாழ்கிறது. 15 மீட்டர் ஆழமுள்ள நீர்த்தேக்கத்திலும் மீன் உள்ள தண்ணீர் மேலிருந்து ஐந்தாறு மீட்டர்தான் என்ற நிலை தென் மாநிலங்களில் சாதாரணம். இதை அறிந்தவருக்குத் தேட வேண்டிய இடம் பாதிக்கு மேல் குறைந்துவிடுகிறது. 10 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் மரக்கிளைக் குவியல் குளிர்காலத்தில் நல்ல இடமாக இருக்கலாம். ஆகஸ்டில் அங்கே மீன் இராது.

இந்த அடுக்கைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி தேவையில்லை. கயிற்றில் கட்டிய வெப்பமானியை ஒவ்வோர் அடியாக இறக்கி அளந்தாலே போதும். படகில் உள்ள சோனார் கருவியின் உணர்திறனைக் கூட்டினால், திரையின் குறுக்கே தெளிவற்ற ஒரு புகைக்கோடு விழும். அடர்த்தி மாறும் இடத்தில் ஒலி சிதறுவதும், அங்கே மிதவை உயிரிகள் தங்கி நிற்பதும் அந்தக் கோட்டுக்குக் காரணம். அதற்கு மேலே மீன் அடையாளங்கள் பரவிக் கிடக்கும்; கீழே திரை வெறுமையாக இருக்கும்.

மூன்று நீர்த்தேக்கங்கள், மூன்று கோடைகள்

எல்லா நீர்த்தேக்கத்துக்கும் இந்த விதி ஒரே மாதிரி பொருந்தாது. அணை கட்டிய நோக்கம், ஆற்றின் ஓட்டம், தண்ணீரின் நிறம் ஆகியவை கோடையின் தன்மையை மாற்றிவிடுகின்றன.

மிசிசிப்பியில் 1927 பெருவெள்ளத்துக்குப் பின் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை வெள்ளத் தடுப்புக்காகக் கட்டிய நான்கு அணைகள் சார்டிஸ் (1940), அர்கபுட்லா (1943), ஈனிட் (1952), கிரெனடா (1954). இலையுதிர் காலத்தில் நீரை வடித்து, வசந்தத்தில் நிரப்புவார்கள். வடிந்த நிலத்தில் முளைக்கும் புல்லும் செடியும் வசந்த வெள்ளத்தில் மூழ்கிக் குஞ்சுகளுக்கு இரையும் மறைவும் ஆகின்றன. தண்ணீர் எப்போதும் கலங்கலாக இருப்பதால் இவை வெள்ளைக் கிராப்பியின் ராஜ்யம். பரந்து விரிந்த, ஆழம் குறைந்த நீர்ப்பரப்பில் காற்று நன்றாக வேலை செய்யும். அதனால் கோடையில் மீன் மரக்கிளைகளைத் தேடிப் போகாமல், ஷாட் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு நடுவெளியில் எட்டு முதல் பதினைந்து அடி ஆழத்தில் மிதந்து திரியும். ஈனிட்டின் சாதனை மீன் அணை கட்டி முடித்த ஐந்தாம் ஆண்டில் பிடிபட்டதையும் கவனிக்க வேண்டும். புதிதாக மூழ்கிய நிலத்தின் சத்தெல்லாம் தண்ணீரில் கரையும் முதல் சில ஆண்டுகளில் நீர்த்தேக்கங்கள் மீன்வளத்தில் செழித்து நிற்பது பொதுவான அனுபவம்.

கென்டக்கி ஏரி வேறு வகை. டென்னசி ஆற்றில் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் 1944இல் கட்டி முடித்த அணையின் பின்னே சுமார் 296 கிலோமீட்டர் நீளத்துக்கு அது கிடக்கிறது. மின்சார உற்பத்திக்காக நீர் திறக்கும்போதெல்லாம் ஏரியில் ஓட்டம் உண்டாகிறது. ஓடும் நீரில் அடுக்குகள் பலமாக அமைவதில்லை. இங்கே கிராப்பி பழைய ஆற்றுப்படுகை சரியும் விளிம்பையும், அதன் அருகே மூழ்கியுள்ள மறைவிடங்களையும் ஒட்டி நிற்கும். குளிர்காலத்தில் நீர்மட்டம் ஐந்து அடி இறங்கும்போது சேற்றில் மரக்குச்சிகளை வரிசையாக அடித்து வைப்பது இவ்வட்டார மக்களின் பழைய வழக்கம். கோடையில் அந்தக் குச்சிக் காடுகளே மீனின் நிழற்குடை. இந்த ஏரிக்கு இன்றுள்ள பெரிய தலைவலி ஆசியாவிலிருந்து வந்த வெள்ளிக் கெண்டை. கிராப்பிக் குஞ்சும் ஷாட் குஞ்சும் தின்னும் மிதவை உயிரிகளையே இதுவும் வடித்துத் தின்கிறது.

டெக்சஸில் டல்லஸுக்குக் கிழக்கே உள்ள லேக் ஃபோர்க் மூன்றாவது வகை. 1980இல் அணை கட்டியபோது மரங்களில் பெரும்பகுதியை வெட்டாமல் அப்படியே மூழ்கவிட்டார்கள். தண்ணீருக்குள் இன்றும் காடு நிற்கிறது. கோடையில் இங்கே மீன் மரத்தண்டுகளையும் பாலத்தூண்களையும் ஒட்டி, இடையடுக்குக்கு மேலே, செங்குத்தாக அடுக்கி நிற்கும்.

ஆனால் மூழ்கிய மரம் நிரந்தரமல்ல. முப்பது நாற்பது ஆண்டுகளில் கிளைகள் உதிர்ந்து வெறுந்தண்டுதான் மிஞ்சும். அதற்கு ஈடாகப் பண்டிகை முடிந்து தூக்கி எறியும் கிறிஸ்துமஸ் மரங்களைக் கட்டுக்கட்டாகக் கல் கட்டி மூழ்கடிக்கிறார்கள். மூங்கிலையும் பிளாஸ்டிக் குழாய்களையும் கான்கிரீட் வாளிகளில் நட்டு இறக்குகிறார்கள். இவை மீனைப் பெருக்குகின்றனவா, இருக்கிற மீனை ஓரிடத்தில் திரட்டுகின்றனவா என்ற விவாதம் தீரவில்லை. குஞ்சுக்கு மறைவு தரும் அளவுக்கு நல்லதுதான். ஆனால் இருப்பிடம் எல்லாருக்கும் தெரிந்த குவியலில் திரண்ட மீனைப் பிடித்துத் தீர்ப்பதும் எளிது. இரண்டையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

பிடிக்கும் முறைகள்

மீன் இருக்கும் இடம் தெரிந்த பின் முறை தானாகவே அமைந்துவிடுகிறது. நடுவெளியில் சிதறித் திரியும் மிசிசிப்பி மீனுக்கு இழுவைத் தூண்டில். படகிலிருந்து பல கழிகளை நீட்டி, தண்ணீரில் மூழ்கி நீந்தும் சிறு பொய்மீன்களை மணிக்கு இரண்டரை முதல் மூன்று கிலோமீட்டர் வேகத்தில் இழுத்துச் செல்கிறார்கள். நரம்பு எவ்வளவு நீளம் விடுகிறோம், படகு என்ன வேகத்தில் போகிறது என்பதைப் பொறுத்துப் பொய்மீனின் ஆழம் அமையும். முதல் மீன் எந்தக் கழியில் அகப்படுகிறதோ அந்த ஆழத்துக்கு மற்றக் கழிகளையும் மாற்றுவார்கள்.

மரத்தையும் குச்சிக் குவியலையும் ஒட்டிய மீனுக்கு நேர் கீழே இறக்கும் முறை. பத்து முதல் பதினாறு அடி நீளக் கழியில், ஒன்றிரண்டு கிராம் எடையுள்ள, ஈயத்தலை கொண்ட தூண்டில்முள்ளான ஜிக்கோ உயிருள்ள பொடி மீனோ கட்டி இறக்குவார்கள். இதில் அசைவு குறையக் குறைய நல்லது. கையை அசைக்காமல் வைத்திருந்தாலே நம் மூச்சும் படகின் ஆட்டமும் ஜிக்குக்குப் போதிய உயிர் கொடுத்துவிடும். படகுத்துறைப் பலகைகளுக்கு அடியில் நிழல் தேடி ஒதுங்கும் மீனுக்குத் தனி உத்தி உண்டு. ஜிக்கைக் கையில் பிடித்துக் கழியை வில்லாக வளைத்து விட்டால், பலகைக்கும் தண்ணீருக்கும் இடையிலுள்ள சாண் அகலச் சந்தில் அது பாய்ந்து உள்ளே போய் விழும்.

வெயில் தாங்காதவர்களுக்கு இரவு இருக்கிறது. இரவுத் தூண்டிலின் பின்னால் உள்ள உயிரியல் மிக அழகானது. கயோபோரஸ் என்னும் கொசு போன்ற பூச்சியின் கண்ணாடிப் புழுக்கள் ஆக்சிஜன் குறைந்த அடிநீரிலும் பகல் முழுவதும் ஒளிந்திருக்க வல்லவை. மீன் வர முடியாத இடமே அவற்றுக்குக் கோட்டை. இருட்டியதும் அவை மேலே ஏறி வரும். காத்திருந்த கிராப்பிக்கு விருந்து. பாலத்தின் அடியில் படகைக் கட்டி, பச்சை விளக்கைத் தண்ணீருக்குள் இறக்கினால் முதலில் பூச்சிகளும் மிதவை உயிரிகளும் கூடும். அவற்றைத் தின்ன ஷாட் வரும். சிறிது நேரத்தில் வெளிச்ச வட்டத்தின் ஓரத்தில், இருட்டும் ஒளியும் கலக்கும் இடத்தில் கிராப்பி வந்து நிற்கும். இரையை விளக்கின் நடுவில் விடாமல் அந்த ஓரத்தில் விடுபவருக்கே பலன்.

திரையில் தெரியும் மீன்

2018இல் கார்மின் நிறுவனம் லைவ்ஸ்கோப் என்ற கருவியைக் கொண்டுவந்தது. பழைய சோனார், படகு கடந்து வந்த இடத்தைக் காட்டும். இது படகுக்கு முன்னால் இப்போது நடப்பதைக் காட்டுகிறது. மீன் திரும்புவதும், ஜிக் இறங்குவதும், மீன் மேலே எழும்பி அதைப் பார்ப்பதும் திரையில் தெரியும். பிற நிறுவனங்களும் விரைவிலேயே இதுபோன்ற கருவிகளை விற்கத் தொடங்கின.

கோடையில்தான் இதன் பலம் முழுதாகத் தெரிகிறது. கரையோரம் திரண்டு நிற்கும் வசந்த மீனைப் பிடிக்க இந்தக் கருவி தேவையே இல்லை. நடுவெளியில் தனியே மிதக்கும் பெரிய கிராப்பி இதுவரை பெரும்பாலும் மனிதர் கைக்கு எட்டாமல் இருந்தது. பரந்த நீரே அதற்குக் காவல். இப்போது அந்தக் காவல் போய்விட்டது. திறமையுள்ளவர் திரையில் பெரிய மீனாகப் பார்த்துத் தேர்ந்து, ஒவ்வொன்றாகப் பிடிக்க முடிகிறது.

கருவியைத் தடை செய்ய வேண்டும் என்று ஒரு தரப்பும், தொழில்நுட்பத்தைத் தடுப்பது வீண் என்று மறுதரப்பும் வாதிடுகின்றன. எனக்குத் தோன்றுவது, பிடிக்கும் வழியைக் கட்டுப்படுத்துவதைக் காட்டிலும் எடுத்துச் செல்லும் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவதே நியாயமும் நடைமுறைக்கு ஏற்றதும் ஆகும். அதோடு இந்தக் கருவிக்கு ஒரு நல்ல பயனும் உண்டு. சிறு மீன் கூட்டத்தைத் திரையிலேயே கண்டு, தூண்டில் போடாமல் விலகிப் போக முடியும். அதன் அருமை அடுத்த பகுதியில் விளங்கும்.

விட்ட மீன் பிழைக்குமா?

கிராப்பியின் காற்றுப்பைக்கும் தொண்டைக்கும் இடையே குழாய் இல்லை. ஆழத்திலிருந்து சட்டென மேலே வந்தால் உள்ளிருக்கும் காற்றை ஏப்பமாக வெளியேற்ற அதனால் முடியாது. 10 மீட்டர் ஆழத்தில் உள்ள அழுத்தம் மேற்பரப்பைப் போல இரு மடங்கு. அங்கிருந்து தூக்கிய மீனின் காற்றுப்பை இரு மடங்காக உப்ப முயலும். கண் பிதுங்கி, வயிறு புடைத்து, தண்ணீரில் விட்டாலும் கீழே இறங்க முடியாமல் பக்கவாட்டில் மிதக்கும் கிராப்பியைப் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள்.

இந்த உண்மையை டெக்சஸ் மாநிலம் சட்டத்திலேயே ஏற்றிருக்கிறது. அம்மாநிலத்தின் பொது விதி, 10 அங்குலத்துக்குக் குறைந்த கிராப்பியை விட்டுவிட வேண்டும். ஒருவர் ஒரு நாளில் 25 வரை எடுக்கலாம். ஆனால் லேக் ஃபோர்க்கிலும் லேக் ஓ த பைன்ஸிலும் டிசம்பர் 1 முதல் பிப்ரவரி முடிய அளவு விதி கிடையாது. பிடித்த கிராப்பி ஒவ்வொன்றையும், சிறியதானாலும், வைத்துக்கொண்டே ஆக வேண்டும். குளிர்காலத்தில் மீன் மிக ஆழத்தில் கிடக்கும். அங்கிருந்து தூக்கியதை விட்டாலும் சாகப் போகிறது. செத்து வீணாவதைவிடக் கணக்கில் சேரட்டும் என்பது இவ்விதியின் அறம்.

கோடைக்கு இந்த நியாயம் எவ்வளவு பொருந்தும்? ஆக்சிஜன் இல்லாத அடிநீர் மீனை மேலேயே நிறுத்திவிடுவதால், கலங்கல் நீர்த்தேக்கங்களில் அழுத்தத்தின் கேடு குளிர்காலத்தைவிடக் குறைவு. தெளிந்த நீர்த்தேக்கங்களில் இடையடுக்கு ஆழமாக அமைவதால் அங்கே கேடு கூடும். எங்கேயானாலும் இன்னொரு எதிரி வெப்பம். 30 டிகிரி மேல்நீரில் போராடிக் களைத்த மீனுக்கு மூச்சுக்குத் தேவை அதிகம், கிடைக்கும் ஆக்சிஜனோ குறைவு. படகின் தொட்டியில் அடைத்து வைத்துவிட்டுப் பெரியது கிடைத்ததும் சிறியதை விடும் வழக்கம் கோடையில் கொலைக்குச் சமம். விட்ட மீன் நீந்திப் போவதைப் பார்த்து நாம் திருப்தி அடைகிறோம். ஆனால் பலவும் பிறகுதான் சாகின்றன.

அளவு விதிகளின் அடிப்படையே இங்கே ஆட்டம் காண்கிறது. மேற்சொன்ன நான்கு மிசிசிப்பி நீர்த்தேக்கங்களில் 12 அங்குலத்துக்குக் குறைந்த கிராப்பியை எடுக்கக் கூடாது. மீன் வேகமாக வளரும் அந்த நீரில் இது நல்ல விதி. ஆனால் விட்ட மீன் பிழைத்தால்தான் அந்த விதிக்குப் பொருள் உண்டு. அதோடு, கிராப்பியின் இனப்பெருக்கம் ஆண்டுக்கு ஆண்டு பெரிதும் மாறும். வசந்தத்தில் நீர்மட்டம் உயர்ந்து நிற்கும் ஆண்டில் குஞ்சுகள் பெருகும். தாழ்ந்த ஆண்டில் ஏறத்தாழ ஒன்றுமில்லாமல் போகும். ஒரு நல்ல ஆண்டின் மீன்களே அடுத்த மூன்று நான்கு ஆண்டுகளின் தூண்டிலைத் தாங்குகின்றன. அந்த ஒரு தலைமுறையைக் கோடைகளில் வீணாக்கிவிட்டால் ஈடுசெய்ய அடுத்த நல்ல வெள்ளம் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

முடிவாக

கோடைக் கிராப்பியைக் கண்டுபிடிப்பது இன்று தீர்ந்த கேள்வி. வெப்பமும் ஆக்சிஜனும் இரையும் சேரும் இடத்தைக் கணித்தால் மீன் அங்கே இருக்கும். கருவி இருந்தால் கண்ணாலும் பார்த்துவிடலாம். தீராத கேள்வி நம் கையில் இருக்கும் அளவைப் பற்றியது. துறைகள் கோடைக்கெனத் தனி விதி கொண்டுவரும்வரை தூண்டில்காரரின் மனச்சாட்சிதான் விதி.

டல்லஸ், ஹூஸ்டன் பக்கம் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு லேக் ஃபோர்க் போன்ற டெக்சஸ் நீர்த்தேக்கங்கள் சில மணி நேரப் பயணத்தில் இருக்கின்றன. டெக்சஸில் 17 வயது ஆனவர்களுக்குத் தூண்டில் உரிமம் கட்டாயம். விதிகள் ஏரிக்கு ஏரி மாறுவதால் போகுமுன் படித்துக்கொள்ளுங்கள். விடியலிலோ இரவிலோ போங்கள். போதுமான ஐஸ் எடுத்துச் செல்லுங்கள். விதி அனுமதிக்கும் அளவுள்ள மீன் கிடைத்ததும் அதை உடனே ஐஸில் போடுங்கள். பெரியது வரட்டும் என்று மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். சிறு மீனாக வந்தால் இடத்தை மாற்றுங்கள். வீட்டுக்கு வேண்டிய மீன் சேர்ந்ததும், சட்டம் இன்னும் எடுக்கலாம் என்று சொன்னாலும், தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள்.